கடலுக்குப் போகும் வழியில் எத்தனை தூக்கல்?

நடக்க இயலாத ஒருவரை வெளிநாட்டுக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடுபவர்கள் செலவுக் கணக்குக்கு முன்பே போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வீட்டு வாசலில் புறப்பட்டு அலையில் கால் நனைக்கும் வரை அவரைப் பிறர் எத்தனை தடவை தூக்க வேண்டியிருக்கும்? காரில் ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை, விமான இருக்கைக்கு மாற்ற ஒரு தடவை, நடுவில் கழிப்பறைக்கு, பிறகு படகு, அறைக் கட்டில், கடைசியில் மணல். ஒவ்வொரு தூக்கலிலும் விழுகிற ஆபத்து இருக்கிறது, தூக்குகிறவரின் முதுகு பிடித்துக்கொள்கிற ஆபத்தும் இருக்கிறது. நாலு பேர் வேடிக்கை பார்க்கத் தூக்கப்படுவதன் கூச்சம் இவற்றோடு சேரும். சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரத் தாளில் இதில் எதுவும் இருக்காது. ‘வீல்சேர் வசதி உண்டு’ என்று ஒரே ஒரு வரி இருக்கும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்து புறப்படும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு வீட்டுப் படியிலேயே தொடங்கிவிடுகிறது. கடல் எந்தப் பக்கம் போனாலும் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்கிறது. மாவட்டத்துக்கென்று ஓமலூர் அருகே காமலாபுரத்தில் விமான நிலையம் உண்டு. 2023 அக்டோபரில் அங்கே மீண்டும் தொடங்கியது உள்நாட்டுச் சேவை மட்டுமே. அங்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். 72 சிறிய விமானம். அதன் வால்பக்கக் கதவோடு இணைந்த குறுகிய படிகளில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். காலை ஊன்றி நாலு படி ஏறக்கூடியவருக்கு இது ஒரு பொருட்டல்ல. சற்றும் நிற்க முடியாதவருக்கு, சாய்தளமோ தூக்கு வண்டியோ உண்டா என்று கேட்டு உறுதி செய்யாமல் சீட்டு எடுத்தால், வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையமே பயணத்தின் மிகக் கடினமான இடமாகிவிடும்.

எனவே சாலை வழியாகத் திருச்சி, கோவை, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நாமக்கல், தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சிக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். அங்கு 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் ஏரோபிரிட்ஜ் இருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் ஆகிய ஊர்களுக்கு நேரடி விமானமும் உண்டு. கோவை விமான நிலையம் அவிநாசி சாலையில் பீளமேட்டில் இருப்பதால் சேலத்துக்காரர்கள் நகர நெரிசலுக்குள் நுழையாமலே போய்ச் சேரலாம். பெங்களூரில் விமானங்கள் அதிகம். ஆனால் தொப்பூர் கணவாயைத் தாண்டி, ஓசூர் நெரிசலைத் தாண்டி, ஊருக்கு வடகோடியில் உள்ள தேவனஹள்ளி வரை போக வேண்டும். ஐந்து மணி நேரம் காரில் உட்கார்ந்த உடம்பை அதன்பின் நாலு மணி நேரம் விமானத்தில் உட்கார வைப்பது நியாயமல்ல. சென்னையில் இருந்து புறப்படுவதாக இருந்தால் ரயிலே மேல். 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் சேலத்தில் நிற்கிறது. அதன் இரு கோடிப் பெட்டிகளிலும் சக்கர நாற்காலிக்கு இடமும் அதற்கேற்ற கழிப்பறையும் உண்டு. நெடுஞ்சாலை உணவகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வாசலில் சாய்தளம் போட்டிருப்பார்கள், கழிப்பறைக்கு முன்னால் இரண்டு படி வைத்திருப்பார்கள்.

அடுத்தது, பயணம் போகிறவரின் உடல்நிலையை விமான நிறுவனத்துக்கு அதன் மொழியில் சொல்வது. ‘அம்மாவுக்கு நடக்கக் கொஞ்சம் சிரமம்’ என்று சொன்னால் அங்கே யாருக்கும் ஒன்றும் புரியாது. உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் மூன்று குறியீடுகளை வைத்திருக்கின்றன. படி ஏறி இறங்க முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை தானாகப் போய்விடுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். இருக்கை வரையும் பிறர்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. முழங்கால் தேய்ந்த மூதாட்டி முதல் வகை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவர் பெரும்பாலும் இரண்டாம் வகை. தண்டுவடம் அடிபட்டவர் மூன்றாம் வகை. சேலத்து முகவர்கள் பலர் யாராக இருந்தாலும் ‘வீல்சேர்’ என்று ஒரே குறியீட்டைப் போட்டுவிடுகிறார்கள். மூன்றாம் வகைப் பயணிக்கு முதல் வகைக் குறியீடு விழுந்துவிட்டால், ஏரோபிரிட்ஜ் இல்லாத வாயிலில் படிக்கட்டின் கீழே நாற்காலியை நிறுத்திவிட்டு, ‘ஏறுங்கள்’ என்பார்கள். சீட்டில் எந்தக் குறியீடு பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பதும், திரும்பும் பயணத்துக்கு அது தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதும் குடும்பத்தின் வேலை.

இந்தியச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இந்த உதவிக்கு 48 மணி நேரத்துக்கு முன்பு சொல்லிவைக்க வேண்டும், கட்டணம் கிடையாது. விதி காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. அந்த ஆண்டே விதி திருத்தப்பட்டது: ஊனத்தைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது, பறக்கும்போது உடல்நிலை கெடும் என்று சந்தேகம் எழுந்தால் மருத்துவரைக் கொண்டு பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்தது இன்னும் கொடுமை. வயதான தம்பதிக்கு ஒரே நாற்காலிதான் கிடைத்தது. மனைவியை அதில் உட்கார வைத்து, கூடவே குடிவரவுப் பகுதி வரை நடந்த 80 வயதுக் கணவர் சரிந்து விழுந்து இறந்தார். விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். நன்றாக நடக்கக்கூடியவர்களும் வரிசையைத் தவிர்க்க வீல்சேர் கேட்கும் பழக்கம் இங்கே பெருகியிருப்பதும் இத்தகைய பற்றாக்குறைக்கு ஒரு காரணம். அதைச் சொல்லாமல் நிறுவனங்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது.

மூன்றாம் வகைப் பயணி விமானத்துக்குள் எப்படிப் போகிறார் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். விமான வாசலில் அவரது சொந்த நாற்காலி நிற்கும். பக்கத்தில், இரு வரிசை இருக்கைகளுக்கு நடுவே நுழையக்கூடிய ஒல்லியான நாற்காலி ஒன்றைக் கொண்டுவருவார்கள். கைப்பிடி இராது, மார்பு, தொடை, கணுக்கால் என்று பட்டைகள் இருக்கும். ஒருவர் பின்னால் நின்று அக்குளுக்குக் கீழே கைகொடுத்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே பிடித்து, மூன்று எண்ணி மாற்றுவார்கள். அதேபோல இருக்கை அருகே மறுபடியும். பக்கவாட்டுக் கைப்பிடி மேலே மடங்குகிற இருக்கையாக இருந்தால் இழுத்து நகர்த்திவிடலாம். மடங்காத இருக்கையானால் அதற்கு மேலே தூக்க வேண்டும். முதல் வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கிறது என்று ஆசைப்பட்டு அதைக் கேட்டு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த வரிசையின் கைப்பிடிகள் பெரும்பாலும் மடங்குவதில்லை. ஊழியர்களுக்கு எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியவர் பயணியே. தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும்.

மின்கல நாற்காலி என்றால் இன்னொரு கணக்கு. கழற்றக்கூடிய லித்தியம் மின்கலம் ஒன்றானால் 300 வாட்-மணி வரைக்கும், இரண்டானால் ஒவ்வொன்றும் 160 வாட்-மணி வரைக்கும் அனுமதி உண்டு. கழற்றிய மின்கலம் பயணியோடு கேபினுக்குள் வர வேண்டும். 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் பெருக்கி 240 என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த எண் மின்கலத்தின் மேல் அச்சாகியிருக்க வேண்டும். பெயர் தெரியாத மலிவு மின்கலங்களில் அது இருக்காது. அவற்றை வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இனி எந்தக் கடற்கரை என்ற கேள்வி. படங்களில் மனதைப் பறிப்பது மாலத்தீவு. தூக்கல் கணக்கில் மிக மோசமானதும் பெரும்பாலும் அதுதான். விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். அங்கிருந்து விடுதித் தீவுகளுக்கு விரைவுப் படகு அல்லது கடல் விமானம். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். துறைமேடைக்கும் படகுக்கும் இடையே ஓர் அடி இடைவெளி வரும், போகும். அந்த ஒரு கணம் பார்த்து இரண்டு படகோட்டிகள் ஆளைத் தூக்கி உள்ளே வாங்குவார்கள். கடல் விமானமோ குறுகிய ஏணிப்படி கொண்ட ட்வின் ஆட்டர். பகலில் மட்டும் பறக்கும். மாலையில் வந்து இறங்குபவர் இரவு அங்கேயே தங்கி மறுநாள் புறப்பட வேண்டும். ஆனால் மாலத்தீவையே ஒதுக்கிவிடத் தேவையில்லை. விமான நிலையத்தில் இருந்து ஹுல்ஹுமாலே தீவுக்குத் தரைவழிச் சாலை இருக்கிறது. காரில் ஏறினால் விடுதி வாசலில் இறங்கலாம்; எதிரே நீண்ட பொதுக் கடற்கரை. ஆடம்பர விடுதிகளின் தனிமை அங்கே கிடைக்காது. கடல் அதே கடல்தான்.

இலங்கை பக்கம், பாஷை பழக்கம், செலவும் குறைவு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து நீர்கொழும்புக் கடற்கரை அரை மணி நேரத் தொலைவுக்குள். பருவம் பார்த்துப் போக வேண்டும்: டிசம்பரில் இருந்து மார்ச் வரை மேற்கும் தெற்கும், மே முதல் செப்டம்பர் வரை கிழக்கு. மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடா ஆழமற்ற, அலை அடங்கிய கடல். இடுப்பளவு நீரில் உட்கார்ந்திருக்க நினைப்பவருக்கு அதைப் போல இன்னொன்று கிடைப்பது அரிது. ஆனால் கொழும்பில் இருந்து அங்கே போகும் சாலைப் பயணம் நீளமானது, ரயிலின் படிகளோ செங்குத்தானவை. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்ட கப்பலில் ஏறி யாழ்ப்பாணம் போய், காரைநகர் கசூரினா கடற்கரையைப் பார்க்கும் ஆசையும் பலருக்கு உண்டு. கப்பலில் ஏறும் பாலத்தின் சரிவைப் பற்றி விசாரிக்காமல் அதில் இறங்கக் கூடாது. சட்டம் இல்லாத நாடு என்று இலங்கையைச் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கே 1996-லேயே வந்துவிட்டது, இந்தியாவுக்கு ஓர் ஆண்டு பிந்தி. கட்டடங்கள் சட்டத்தைப் பின்பற்றும் வேகமும் ஏறத்தாழ இந்தியாவைப் போலத்தான்.

மலேசியாவில் பினாங்கு நல்ல தேர்வு. விமான நிலையம் தீவிலேயே இருக்கிறது. பத்து ஃபெரிங்கிக் கடற்கரை வரை கார் போகும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாத நுழைவு உண்டு, புறப்படும் முன் அது தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்க் குடும்பங்கள் கூடவே திட்டமிடும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அதைக் கீழே இருந்து கும்பிட்டுக்கொள்ளலாம். அந்தக் கடலில் ஜெல்லிமீன் வருவதுண்டு. காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு அது கொட்டியதே தெரியாது. கூட இருப்பவர் தோலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தூக்கல் கணக்கில் எல்லாவற்றையும் முந்துவது சிங்கப்பூர். கட்டடங்களுக்கான தடையற்ற அணுகல் விதித்தொகுப்பை 1990-லேயே கொண்டுவந்த ஊர் அது. எல்லா எம்.ஆர்.டி. நிலையங்களிலும் மின்தூக்கி இருக்கிறது. 2020 இறுதிக்குள் பொதுப் பேருந்துகள் எல்லாமே சக்கர நாற்காலி ஏறக்கூடியவையாகிவிட்டன. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலை ஒட்டியே கிலோமீட்டர் கணக்கில் சமதளப் பாதை ஓடுகிறது. 2024 ஜூனில் மரின் பரேட் பகுதிக்கும் எம்.ஆர்.டி. வந்துவிட்டதால் வாடகைக் காரும் தேவைப்படுவதில்லை. கடலின் அழகில் சிங்கப்பூர் மாலத்தீவுக்கு உறை போடக் காணாது. எதிரே சரக்குக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். ஆனாலும் விமானத்தை விட்டு இறங்கிய பிறகு யாரும் தூக்காமல், யாரிடமும் கேட்காமல், ஒருவர் தானாகவே தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடலோரம் போய்வர முடிகிறது. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு அழகைவிட இதுவே பெரிது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கடலோரம் வரை போவது ஒன்று, மணலைக் கடப்பது வேறு. சாதாரண நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை, ஒடுங்கியவை. உட்கார்ந்திருப்பவரின் எடை முன்னால் விழுந்ததும் உலர்மணலில் அவை புதைந்து நின்றுவிடும். தள்ளத் தள்ள இன்னும் புதையும். பின்பக்கமாகத் திருப்பி இழுத்தால் பெரிய சக்கரங்கள் முன்னே போவதால் கொஞ்சம் நகரும். கடல் உள்வாங்கும் நேரத்தில் விட்டுச்சென்ற ஈரமணல் இறுகிக் கிடக்கும், அதில் ஓட்டலாம். அதனால் ஓத அட்டவணையைப் பார்ப்பது வீண் வேலையல்ல. முறையான தீர்வுகள் மூன்று: மணல் மேல் விரிக்கும் உறுதியான பாய்ப் பாதை, பலூன் போன்ற அகன்ற சக்கரம் பூட்டிய கடற்கரை நாற்காலி, நீரில் மிதக்கும் நாற்காலி. கிரேக்க நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், ‘சீட்ராக்’ என்ற பெயரில் தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். கரையில் அதன் இருக்கைக்கு மாறிக்கொண்டு பொத்தானை அழுத்தினால், சூரிய மின்சக்தியில் அது ஆளைக் கடலுக்குள் கொண்டுபோய் விடும். இருநூறுக்கும் மேற்பட்ட கடற்கரைகளில் அது இருக்கிறது. ‘நீலக் கொடி’ச் சான்று பெற்ற கடற்கரைகளைத் தேடுவதும் பயன் தரும், ஓர் உள்ளாட்சியின் நீலக் கொடிக் கடற்கரைகளில் ஒன்றிலாவது மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

வெளிநாடு போகுமுன் ஒத்திகை பார்க்கச் சென்னையே போதும். ஆண்டுக்கு ஒரு முறை தற்காலிகப் பாதை போட்டுக் கடலைக் காட்டிய மெரினாவில், மாற்றுத்திறனாளி அமைப்புகளின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சரிசெய்யப்பட்டது. அந்தப் பாதையில் ஒரு மாலை போய்வந்தாலே, உப்புக் காற்றில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, ஈர உடையோடு காருக்கு மாறுவது எப்படி, திரும்பும்போது யார் களைத்துப் போகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பல குடும்பங்களில் முதலில் களைத்துப் போகிறவர் தள்ளுகிறவர்தான்.

விடுதி அறை விஷயத்தில் சொல்லை நம்பவே கூடாது. ‘மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை’ என்பதற்கு ஆசிய விடுதிகள் பலவற்றில் பொருள், குளியல் தொட்டிக்கு மேலே ஒரு கம்பி. கேட்க வேண்டியவை எண்கள்: குளியலறைக் கதவின் திறப்பு எத்தனை சென்டிமீட்டர், கட்டிலின் உயரம் எவ்வளவு, குளிக்கும் இடத்துக்கு வரம்பு உண்டா. வீட்டில் நாற்காலியின் அகலத்தை, கைகள் சக்கர வளையத்தைப் பிடித்திருக்கும் நிலையில் அளந்து வைத்துக்கொண்டு, கதவில் அளவு நாடா பிடித்தபடி எடுத்த படம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். படம் அனுப்பத் தயங்கும் விடுதியைத் தவிர்ப்பதே நல்லது. நீச்சல்குளமும் உணவுக்கூடமும் அறை இருக்கும் அதே மட்டத்தில் உள்ளனவா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கடலோர விடுதிகள் பல சரிவில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டவை.

உடம்பைப் பற்றிய சில எச்சரிக்கைகள். தண்டுவடத்தின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அந்த மட்டத்துக்குக் கீழே வியர்க்காது. உடல் தன் சூட்டைத் தானே தணித்துக்கொள்ளாது. துபாய் கடற்கரைக்கு ஜூனில் அவர்களை அழைத்துச் செல்வது ஆபத்து. டிசம்பரில் அதே இடம் சுகமானது. உணர்ச்சியற்ற காலுக்கு வெயிலில் காய்ந்த மணலே தீக்காயம் உண்டாக்கும். ஈர உடையில் மணல் ஒட்டியபடி உட்கார்ந்திருந்தால் புட்டத்தில் தோல் உராய்ந்து படுக்கைப்புண்ணாகும். ஆறுவதற்கு மாதங்கள் பிடிக்கும். நாற்காலியின் மெத்தையை விமான இருக்கையில் போட்டு உட்கார்வதும், கதீட்டர், டயப்பர், மருந்து ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வதும் வழக்கமாக வேண்டும். மருந்துகளுக்கு மருத்துவர் கடிதம் ஆங்கிலத்தில் தேவை. மூட்டுவலிக்கு நம் ஊரில் சாதாரணமாக எழுதித் தரும் டிராமடால் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் சிறை வரை போகலாம். கோடீன் கலந்த மருந்துக்குச் சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களைச் சொல்லி, அவற்றுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். மறைத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையும், கோரிக்கை மொத்தமாக நிராகரிக்கப்படும்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தானே தேடித் திரட்ட வேண்டியிருப்பது முறையா? ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவு, ஓய்வையும் சுற்றுலாவையும் உரிமையாகவே சொல்கிறது. இந்தியா அதை 2007-ல் ஏற்றுக்கொண்டது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர்; முதுமையில் நடை தளர்ந்தவர்கள் இதற்கு மேல். சேலத்தில் சிங்கப்பூர்–மலேசியா சுற்றுலா விற்காத முகவர் கிடையாது. ஆனால் அந்தத் திட்டங்களில் நாளொன்றுக்கு ஐந்தாறு இடம், பேருந்தில் ஏறி இறங்குவதே வேலை. நடை தளர்ந்தவருக்கு வேண்டியது ஒரே விடுதி, ஒரே கடற்கரை, நாளைக்கு ஒரு காரியம். இப்படி ஒரு திட்டத்தை வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை படி, எத்தனை தூக்கல் என்று எழுதித் தருகிற முகவருக்குச் சேலம், நாமக்கல் வட்டாரத்திலேயே வாடிக்கையாளர்கள் நிறைய இருப்பார்கள். சுற்றுலாத் துறை முகவர்களைப் பதிவு செய்யும்போது இந்த விவரத்தைக் கட்டாயமாக்கினால் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

கடைசியாக, நாற்காலி உடைந்து வந்தால் என்ன செய்வது என்பதும் திட்டத்தின் பகுதியே. ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். கழற்றக்கூடிய கைப்பிடியையும் மெத்தையையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். எங்கே பிடித்துத் தூக்குவது என்று ஒரு தாளில் எழுதி நாற்காலியிலேயே கட்டிவிடலாம். சேதம் கண்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே உடைமைக் குறைபாட்டு அறிக்கை எழுதி வாங்க வேண்டும். இந்தியா 2009-ல் சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, எழுத்துப்பூர்வப் புகாருக்கு ஏழு நாள் அவகாசம். இழப்பீட்டு உச்சவரம்பு, எஸ்.டி.ஆர். என்ற பன்னாட்டுக் கணக்கு அலகில், 2024 டிசம்பர் 28 முதல் 1,519. நல்ல மின்கல நாற்காலி ஒன்றின் விலை அதைத் தாண்டிவிடக்கூடும். அப்படிப்பட்ட நாற்காலி வைத்திருப்பவர், அதை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்துப் பதிவு செய்யவும், அதற்குக் கேட்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தவும் அதே உடன்படிக்கையில் இடம் இருக்கிறது.